அன்னபட்சி ஜவுளி மாளிகையின் காற்று

ஆடித் தள்ளுபடியின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நாலு மணிக்குச் சற்று முன்னால், மருதங்குளம் மேலரத வீதியில் இருக்கிற அன்னபட்சி ஜவுளி மாளிகையின் இரண்டாவது மாடியில், பட்டுப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கும் உலகம்மாள், கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்த ஒரு பெரிய குடும்பத்துக்கு எழுபத்து மூன்றாவது சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, இனி ஒரு நிமிஷமும் நிற்பதில்லை என்று அவளுடைய இரண்டு முழங்கால்களும் ஒரே சமயத்தில் முடிவு செய்துவிட, விழப்போகிறோம் என்று தெரிந்து, விழும்போது பட்டு கசங்கிவிடக் கூடாதே என்று சேலையை மட்டும் மார்போடு சேர்த்துக்கொண்டு, கண்ணை மூடிப் பின்பக்கமாகச் சாய்ந்தாள். விழவில்லை. உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் நாற்காலி கிடையாது, ஸ்டூல் கிடையாது, துணி மூட்டைகூடக் கிடையாது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்த காற்று அவளைத் தாங்கியது, அவ்வளவுதான். தாங்கிய காற்று கொஞ்சம் அமிழ்ந்து, பிறகு அவளுடைய எடைக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டு, நெடுநாளாக அவளுக்காகவே அங்கே போட்டு வைத்திருந்தது போல அமைதியாக இருந்தது. கல்யாணப் பெண்ணின் சித்தி, "இதுவே மயில் கழுத்துக் கலர்ல இருக்காம்மா?" என்று கேட்டாள். உலகம்மாள் உட்கார்ந்தபடியே கீழ்த்தட்டுக்குக் கை நீட்டி மயில் கழுத்துக் கலரை எடுத்து விரித்தாள். எழுபத்து நாலாவதான அந்தச் சேலை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

அன்னபட்சியில் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால் இரவு ஒன்பதரைக்கு இழுத்துச் சாத்தும் வரைக்கும் தரைத்தளத்தையும் சேர்த்து மூன்று மாடிகளிலுமாக நாற்பத்திரண்டு பெண்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். வாடிக்கையாளர்கள் உட்கார மெத்தை வைத்த பெஞ்சுகள் உண்டு. வேலை பார்ப்பவர்கள் நாற்காலி, ஸ்டூல், மூட்டை, படிக்கட்டு, கவுண்டர் விளிம்பு எதன் மீதும் உட்காரக் கூடாது என்று பின்பக்கப் படிக்கட்டுச் சுவரில் போர்டு எழுதி மாட்டியிருந்தது. மாடி சூப்பர்வைசர் தவசிமுத்து அண்ணாச்சி, சட்டைப்பையில் மெமோ புத்தகமும் கையில் மீட்டர் கோலுமாக வந்து, உலகம்மாளைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"உலகம்மா, எதுல உட்கார்ந்திருக்கிய?"

"எதுலயும் இல்ல அண்ணாச்சி."

அவர் குனிந்து மீட்டர் கோலை அவளுக்கு அடியில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். கோல் எதிலும் இடிக்கவில்லை. மெமோ புத்தகத்தைத் திறந்து பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். நாற்காலி என்று எழுத முடியாது, ஸ்டூல் என்று எழுத முடியாது, இல்லாததை எழுதி ஒருத்தியை மாட்டிவிடுகிற மனுஷரும் அவர் இல்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "சேலைய மடிச்சு வையுங்க, அடுத்த பார்ட்டி வருது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் முதல் மாடியில் நைட்டிப் பிரிவில் ஒருத்தி உட்கார்ந்தாள், அதற்கு மறுநாள் சுடிதார் பிரிவில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள், சனிக்கிழமை கூட்டம் நெரிபடுகிற நேரத்தில் தரைத்தளத்தில் வேஷ்டி துண்டுப் பிரிவு முழுக்க உட்கார்ந்தது, அடுத்த செவ்வாய்க்குள் நாற்பத்திரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லா இடத்துக் காற்றும் ஒன்றுபோல் இருக்கவில்லை என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பட்டுப் பிரிவுக் காற்று கொஞ்சம் கெட்டி, இரண்டு பக்கமும் கை வைத்துக்கொள்ள வாகானது; போர்வைப் பிரிவுக் காற்றில் உட்கார்ந்தால் தூக்கம் வரும்; சிறுவர் ஆடைப் பிரிவுக் காற்று லேசாக ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் அங்கே வேலை பார்த்த பெண்கள் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் தாங்கள் அறியாமலே தாலாட்டை முணுமுணுத்தார்கள்.

உலகம்மாள் பத்தொன்பது வருஷமாக வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் உப்புப் போட்ட வெந்நீர் ஊற்றி அதில் காலை வைத்தபடிதான் சாப்பிடுவாள். கெண்டைக்காலில் நரம்புகள் கருநீலமாக முறுக்கிக்கொண்டு கிடந்தன. காற்று தாங்க ஆரம்பித்து இரண்டு வாரம் கழிந்தபோது அவளுடைய புருஷன் சொர்ணலிங்கம், பஸ் டெப்போவில் வாட்ச்மேனாக இருப்பவர், அந்த வாளி சும்மா கிடப்பதைப் பார்த்து அதில் மண் நிரப்பி ஒரு முருங்கைக் கொப்பை ஊன்றி வைத்தார். உப்பு ஊறிய வாளியில் துளிர்க்காது என்று அவள் சொன்னாள். ஐந்தாம் நாள் அது துளிர்த்தது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் சாவதானமாக இருந்தது. முதலில் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் ஒரு ஜாக்கெட் துணியாவது எடுக்க வேண்டும் என்ற சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமாருடைய மடியில் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள், பிறகு அரசாங்க ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் வந்து நாற்பத்திரண்டு பேருடைய முதுகும் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தன் கிளினிக்கில் இருக்கும் நாற்காலிகளைவிட இது நல்லது என்று சொல்லிப் போனார். பார்க்க வந்தவர்கள் சிலர் தாங்களும் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டுத் தரையில் விழுந்தார்கள். காற்று யாரைத் தாங்கும், யாரைத் தாங்காது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது என்று தெரிந்துகொண்டபின், டவுன் பஸ்ஸுக்கு நேரம் கேட்பது போல, "இன்னைக்கும் உட்கார்ந்திருக்காங்களா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதோடு ஊர் நிறுத்திக்கொண்டது.

முதலாளி பூதலிங்கம் குள்ளமான மனிதர், எப்போதும் வெள்ளைச் சட்டை, நாற்பத்திரண்டு பேருடைய பெயரும் அவர்கள் பிள்ளைகளுடைய பெயரும் அவருக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை பூஜையில் சாமி படத்துக்குக் காட்டிய சூடத்தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி, காலியாக இருந்த காற்றுக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டு, "எல்லாம் கடை ராசி" என்றார். வாசலில் புதிதாக ஒரு போர்டு வைத்தார்: காற்றில் அமர்ந்து பணி செய்யும் ஒரே ஜவுளி மாளிகை. பின்பக்கப் படிக்கட்டுச் சுவரில் இருந்த பழைய போர்டை மட்டும் அவர் எடுக்கவில்லை.

மேலரத வீதியில் பெரிய கடைகள் பதினொன்று. அந்தப் பதினொரு கடைகளிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும், சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று இரண்டு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தவள் ஜெசிந்தா. பாத்திரக்கடையில் பதினோரு வருஷம் நின்று, காலில் நரம்புக்கு ஆபரேஷன் ஆகி, வேலையை விட்டவள். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள், அதே அறைதான் கடைப் பணியாளர் சங்கத்தின் அலுவலகம். சங்கத்தில் இருபத்தாறு பேர் இருந்தார்கள், யார் யாரென்று வெளியே சொல்ல மாட்டார்கள். தினமும் கடைகள் திறக்கிற நேரத்தில் வீதி முனையில் நின்று அவள் கொடுக்கிற நோட்டீஸை உலகம்மாள் ஒருநாளும் படித்ததில்லை, நாலாக மடித்து டிபன் பாத்திரத்துக்கு அடியில் வைத்துக்கொள்வாள். அன்னபட்சியில் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட ஜெசிந்தா, கைக்குட்டை வாங்குகிற மாதிரி வந்து, இரண்டாவது மாடிக்கு மெல்ல ஏறி, உலகம்மாள் முன்னால் நின்றாள்.

"எப்படி இருக்கு அக்கா?"

"கால்னு ஒண்ணு இருக்குதுங்கதே மறந்துபோச்சு ஜெசி."

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மத்த பத்துக் கடையிலயும் இப்படி வந்துட்டா நான் மிஷினைக் கட்டிக்கிட்டு நிம்மதியா இருப்பேன்" என்றாள்.

"வரும். எங்களுக்கு வந்துச்சுல்லா" என்றாள் உலகம்மாள்.

வரவில்லை. ஆனால் மற்ற பத்துக் கடை முதலாளிகளும் வந்ததாகவே வைத்துக்கொண்டார்கள். அன்னபட்சிக்காரிகள் உட்காருகிறார்களே, நீங்கள் ஏன் முயற்சி செய்யக் கூடாது என்றார்கள். வேலையில் பக்தி இருந்தால் காற்று தானாகத் தாங்கும் என்றார் நகைக்கடைக்காரர். அந்தப் பெண்களும் நம்பினார்கள், நம்பாமல் என்ன செய்வார்கள், நாள் முழுக்க நின்ற கால்கள் எதை வேண்டுமானாலும் நம்பும் நிலையில் இருந்தன. ஒருத்தி கண்ணை மூடிச் சாய்ந்து தரையில் போய் விழுந்தாள், இன்னொருத்தி மெதுவாக உட்கார்ந்து பார்த்து மெதுவாக விழுந்தாள், அன்னபட்சிக்கு நேர் எதிரே இருக்கிற ரெடிமேட் கடையில் பதினாறு வருஷமாக நிற்கிற பல்கீஸ், எதிர்க்கடை மாடி ஜன்னலில் உலகம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே அதே மாதிரி சாய்ந்து, இடது மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டோடு மூன்றாம் நாள் வேலைக்கு வந்து நின்றாள். உலகம்மாளைக் காட்டிலும் மூன்று வருஷம் குறைவாக நின்றதுதான் காரணமா என்று சிலர் கேட்டார்கள். அன்னபட்சியில் உட்கார்ந்திருந்தவர்களில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண்ணும் இருந்தாள். ஒரு கணக்குக்கும் அது உட்படவில்லை.

ஜெசிந்தாவின் மனு விசாரணைக்கு வந்தது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் உதவி ஆணையராக ஒரு நடுத்தர வயது அம்மாள் இருந்தார், மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பதினொரு முதலாளிகளுக்கும் சேர்த்து ஒரே வக்கீல். அவர் எழுந்து, மேலரத வீதியில் இருக்கை வசதி ஏற்கெனவே இருக்கிறது, அன்னபட்சியில் நாற்பத்திரண்டு பேரும் வேலை நேரத்தில் உட்கார்ந்திருப்பதை ஊரே பார்த்திருக்கிறது, கடைக்குள் இருக்கிற காற்று கடையைச் சேர்ந்தது, ஆகவே அந்த இருக்கை நிர்வாகம் கொடுத்தது, மற்ற பத்துக் கடைகளிலும் அதே காற்று அதே அளவுக்கு வைக்கப்பட்டிருக்கிறது, அதில் உட்காரத் தெரியாதது பணியாளர்களின் குறை என்று நிதானமாகச் சொல்லி முடித்தார். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

சாட்சி சொல்ல உலகம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உட்காருங்கம்மா" என்றார் உதவி ஆணையர், எதிரே கிடந்த மர நாற்காலியைக் காட்டி.

வேலை விஷயமாக ஒருவர் முன்னால் நிற்கும்போது அந்த வார்த்தையை உலகம்மாள் கேட்டதே இல்லை. அவள் திரும்பித் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அது தள்ளாடாமல், அமிழாமல், யார் எவர் என்று கேட்காமல் அவளை வாங்கிக்கொண்டது. காற்றில் உட்காருவது உண்மையா என்று கேட்டதற்கு உண்மை என்றாள். அது இருக்கைதானா என்று கேட்டதற்கு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மரத்தைத் தடவிப் பார்த்தாள்.

உதவி ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காத்து இருக்கையா இல்லையான்னு சட்டத்துல எழுதல. ரெண்டு வாரம் கழிச்சு நானே வந்து பதினொரு கடையும் பாக்கேன். உட்கார்ந்திருந்தா உட்கார்ந்திருக்காங்கன்னு எழுதுவேன், நின்னா நிக்காங்கன்னு எழுதுவேன். கண்ணுல பாக்கதுதான் ரிப்போர்ட்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே பூதலிங்கம் முதலாளி இரண்டாவது மாடிக்கு வந்தார். குரல் உயர்த்துகிறவர் இல்லை அவர்.

"உலகம்மா, ஒன் மகளுக்கு நர்சிங்ல கடைசி வருஷந்தானே?"

"ஆமா முதலாளி."

"நல்லாப் படிக்கட்டும். நான் உங்க கிட்ட ஒண்ணும் கேக்கல. உட்காருங்கன்னுதான் சொல்லுதேன். எந்த முதலாளி இப்படிச் சொல்லுவான், யோசிச்சுப் பாரு. அந்தம்மா வாற அன்னைக்கு எல்லாரும் அமைதியா உட்கார்ந்திருங்க. அது போதும்."

அவர் இறங்கிப் போன பிறகும் அவள் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெராக்ஸ் கடை மாடியில் கூட்டம். சங்கத்தில் இருந்தவர்கள், இல்லாதவர்கள் எல்லாரும் வந்ததில் அறை கொள்ளாமல் படியெல்லாம் பெண்கள் நின்றார்கள். அன்னபட்சிக்காரர்கள் உட்கார்ந்தால் மனு தள்ளுபடியாகிவிடும், பதினொரு கடைக்கும் நாற்காலி வராது, ஆகவே ஆய்வு நாள் வரைக்கும் அவர்கள் நிற்க வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

வேஷ்டிப் பிரிவில் இருக்கும் பேச்சித்தங்கம் எழுந்தாள். எதையும் முகத்துக்கு நேரே கேட்கிறவள் அவள். "ரெண்டு வருஷமா உட்காரணும் உட்காரணும்னு நோட்டீஸ் குடுத்த. இப்பம் உட்கார்ந்துட்டோம். மறுபடியும் நில்லுங்கன்னு சொல்லுத. ஒனக்கு எங்க காலு வேணுமா, ஒன் மனு வேணுமா?"

ஜெசிந்தா தன் சேலையைக் கொஞ்சம் தூக்கி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஓடுகிற தையல் தழும்பைத் தானே ஒருதரம் பார்த்துக்கொண்டு மறுபடி இறக்கிவிட்டாள். கூட்டம் எந்த முடிவும் எடுக்காமல் மெல்ல மெல்லக் கலைந்தது.

படியிறங்கும்போது பல்கீஸ் உலகம்மாளின் தோளைத் தொட்டாள். "அக்கா, ஒத்தக் கையால சடை போட வரமாட்டேங்கு. கொஞ்சம் பின்னி விடுதியளா?" இருவரும் படியிலேயே உட்கார்ந்தார்கள். உலகம்மாள் அவளுடைய முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னினாள். எதிரெதிர்க் கடைகளில் பதினாறு வருஷம், ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொண்டது தவிர அவர்கள் இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை. எண்ணெய் காணாத முடி, அதற்குள் நாலைந்து நரை.

"விழுந்தப்பம் ரொம்ப வலிச்சுதா?"

"வலி கெடக்கட்டும் அக்கா. எங்கிட்ட என்ன கொறைன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் தூக்கம் வர மாட்டேங்கு."

உலகம்மாளின் விரல்கள் பின்னலில் அப்படியே நின்றன.

திங்கள்கிழமை காலை, கடை திறந்து பெருக்கிக்கொண்டிருக்கிற நேரத்தில், அவள் பல்கீஸைக் கையோடு கூட்டிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு வந்தாள். தவசிமுத்து அண்ணாச்சி பார்த்தார், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டுப் பிரிவில் தான் உட்காருகிற இடத்தைத் தடவிப் பார்த்து, கெட்டியான காற்று அங்கே இருக்கிறது என்று நிச்சயம் செய்துகொண்டு, "எளா, என் இடத்துல உட்காரு" என்றாள். பல்கீஸ் உட்கார்ந்தாள். காற்று விலகிக்கொண்டது. உலகம்மாள் அவளைக் கீழே விழாமல் பிடித்து நிறுத்தி, "இன்னொரு தடவ" என்றாள். விலகிக்கொண்டது. தானும் அவளுமாக ஒரே இடத்தில் நெருக்கி உட்கார்ந்து பார்த்தாள், உலகம்மாளை மட்டும் தாங்கி மற்றவளை அது விட்டுவிட்டது. மூன்றாவது தடவையும் பிடித்து நிறுத்தியபோது பல்கீஸ் அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல், மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு.

"போதும் அக்கா. எங்க கடை தொறந்திருவாங்க."

அவள் இறங்கித் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் போகிறவரை உலகம்மாள் ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு காற்று காத்திருந்த இடத்துக்குத் திரும்பி, அதற்கு முன்னால் நின்றாள். முதல் வாடிக்கையாளர் வந்தார். அவள் உட்காரவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஜெராக்ஸ் கடை மாடிக்கு ஏறிப்போய், "அந்தச் சங்க நோட்டப் புடி ஜெசி, என் பேரு எழுதணும்" என்றாள்.

நிற்பது முன்னைப்போல் இல்லை. முன்பு கால்கள்தான் கெஞ்சும், இப்போது காற்றும் சேர்ந்து கெஞ்சியது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருதரம் அது அவளுடைய முழங்கால் மடிப்பில் வந்து மெல்ல முட்டியது, இடுப்பைச் சுற்றி வளைத்தது, பால்மாடு போல மூச்சு விட்டது. அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் அதைத் தடவிக் கொடுப்பாள், ஆனால் உட்கார மாட்டாள். பார்த்துக்கொண்டிருந்த பட்டுப் பிரிவுப் பெண்கள் இரண்டாம் நாள் எழுந்தார்கள். நாலாம் நாள் சுடிதார் பிரிவு எழுந்தது. போர்வைப் பிரிவுப் பெண்கள் எழுவதும் சொக்கிப்போய் மறுபடி உட்காருவதுமாக இரண்டு நாள் பட்டபாடு பட்டு ஆறாம் நாள் முழுக்க நின்றார்கள். பேச்சித்தங்கம் கடைசி ஆளாக எட்டாம் நாள் காலையில் எழுந்தாள். எழுந்ததும் கடை வாசலுக்கு வந்து, வீதி முனையில் நோட்டீஸோடு நின்ற ஜெசிந்தாவைப் பார்த்து, "ஏ ஜெசி, எனக்கு நாற்காலி வரலன்னா, ஒன்னைச் சும்மா விடமாட்டேன்" என்றாள். ஜெசிந்தா நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டாள்.

வாடிக்கையாளர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், நிற்கிறதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்றார்கள். முதலாளி மாடி மாடியாக ஏறி இறங்கினார், "உட்காருங்கம்மா, உட்காருங்க தாயி" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னார், தவசிமுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டு உட்காராதவர்களுக்கெல்லாம் மெமோ கொடுக்கச் சொன்னார். நாற்பத்திரண்டு தாள் கிழித்து வைத்துக்கொண்டு அண்ணாச்சி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நின்றது குற்றம் என்று எழுத முப்பது வருஷ சர்வீஸில் அவருக்கு ஒரு வாசகம் கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் உதவி ஆணையர் வந்தார். மற்ற பத்துக் கடைகளையும் முதலில் பார்த்து முடித்துவிட்டு, பதினோராவதாக அன்னபட்சிக்குள் அவர் நுழைந்தபோது மணி மூன்று. வீதியில் அன்றைக்கு நல்ல கூட்டம், ஆனால் சந்தடி இல்லை, பூக்கட்டுகிறவர்களும் ஆட்டோக்காரர்களும்கூட மெதுவாகப் பேசினார்கள். முதலாளி தன் அறையில் இருந்த சுழல் நாற்காலியைத் தூக்கிவரச் சொன்னார். "இது யாருக்கு?" என்று கேட்டார் உதவி ஆணையர். "உங்களுக்குத்தாம்மா." வேண்டாம் என்று அவர் கையசைத்துவிட்டு, தரைத்தளத்தில் ஒரு மணி நேரம், முதல் மாடியில் ஒரு மணி நேரம், யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒரு தூணோரமாக நின்று பார்த்தார். இரண்டாவது மாடிக்கு வந்தபோது அவருக்கும் கால் வலித்தது. அதை மறைக்க ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றார். அது பட்டுப் பிரிவுப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தது.

உலகம்மாளின் கால்கள் வீங்கிச் செருப்பை நிறைத்திருந்தன. காற்று அன்றைக்கு மூன்று மாடியிலிருந்தும் திரண்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றது. முந்தானை தானாக அசைவதை உதவி ஆணையரும் முதலாளியும் கூடவே வந்திருந்த வக்கீலும் பார்த்தார்கள். சேலை அலமாரிகளில் இருந்த பட்டுகளெல்லாம் லேசாகச் சலசலத்தன. சும்மா சாய்ந்தால் போதும், பஞ்சு மெத்தையைவிட மெதுவாக அது அவளை வாங்கிக்கொள்ளும்.

"ரொம்ப நேரமா நிக்கீங்களேம்மா" என்றார் உதவி ஆணையர். "உட்காரலாமே."

உலகம்மாள் முதலாளியைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், கெஞ்சுவது போல. அவள் எதிர்க்கடை ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எங்கம்மா உட்கார?"

உதவி ஆணையர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஃபைலைக் கவுண்டர் மேல் வைத்து, நின்றபடியே, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: பணியாளர்கள் அனைவரும் நின்ற நிலையில் காணப்பட்டனர். இருக்கை எதுவும் காணப்படவில்லை.

அந்தக் கடைசி வார்த்தை எழுதி முடிந்தபோது காற்று உலகம்மாளுக்குப் பின்னாலிருந்து விலகுவதை அவள் உணர்ந்தாள். கோபித்துக்கொண்டு போனது போல இல்லை. ஒருதரம் அவளுடைய வலது கெண்டைக்காலைச் சுற்றிவந்துவிட்டு, ஜன்னல் வழியாக, மின்கம்பிகளுக்கு மேலே ஏறி, ஆற்றுப் பக்கமாகப் போயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் ஆற்று மணலில் பட்டம் விட்டவர்கள் காற்று வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது என்றார்கள். உலகம்மாள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழுதாள், அழுதபடியே அடுத்த சேலையை எடுத்து விரித்தாள்.

முப்பது நாளைக்குள் பதினொரு கடைகளிலும் இருக்கை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த முப்பது நாளும் சுகமாகப் போகவில்லை. உலகம்மாளைப் பட்டுப் பிரிவிலிருந்து எடுத்து மொட்டைமாடி குடோனுக்கு மாற்றினார்கள், ஜெசிந்தா மறுபடி ஒரு மனு எழுதினாள், பேச்சித்தங்கம் தலைமையில் முப்பத்தெட்டுப் பேர் முதலாளி அறைக்கு முன்னால் போய் ஒரு வார்த்தை பேசாமல் அரை மணி நேரம் நின்றார்கள், ஒரு வாரத்தில் அவளைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள், காற்று இல்லாத கடையில் நிற்க மனசில்லை என்று. முருங்கைக் கொப்பை வேறு இடத்தில் ஊன்றிவிட்டு சொர்ணலிங்கம் வாளியைக் கழுவி வெந்நீர் வைத்துக் கொடுத்தார். ஏன் எழுந்தாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் லாரியில் ஸ்டூல்கள் வந்து இறங்கின. முதுகு சாய வசதியில்லாத, உயரமான, நீல நிற ஸ்டூல்கள். முதல் நாள் யாருக்கும் அதில் சரியாக உட்காரத் தெரியவில்லை. காற்றில் உட்கார்ந்த பழக்கத்தில் பார்க்காமல் சாய்ந்து இரண்டு பேர் இடித்துக்கொண்டார்கள். ஒரு கால் ஆடுகிறது என்று பேச்சித்தங்கம் தன் ஸ்டூலைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஜெசிந்தாவிடம் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் உலகம்மாள் டிபன் பாத்திரத்தைத் திறக்காமல் தெருவைக் கடந்து எதிரே ரெடிமேட் கடைக்குப் போனாள். படி ஏறும்போது கால் வலித்தது. உள்ளே, சட்டை அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு நீல ஸ்டூலில், மாவுக்கட்டுப் பிரித்த கையால் ஒரு சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு பல்கீஸ் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் ஸ்டூலின் குறுக்குக் கம்பியில் வைத்திருந்தாள். யாரோ வரும் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கக்கா" என்றாள். எழுந்திருக்கவில்லை.